மாமாவின் இடது இமையும் உங்கள் கேமராவும்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மாடிவீட்டிலிருந்து பால் குடிக்க மட்டும் இறங்கி வரும் பூனை எல்லோரும் சௌக்கியம். உன் மாமாவின் வேலைதான் சௌக்கியமில்லை. உன் தலைவலி குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கண் டாக்டரைப் பார்த்தாயா என்ற மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். எல்லாம் ஓகேம்மா என்ற ஒரே பதில் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியது சண்டையில் முடிந்ததில் எனக்கு வருத்தம்தான். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உனக்கு இரண்டு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை நீ மடித்து வைக்கலாம், ஆனால் நடுவில் குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. அப்பாவுக்கு இருமல் போய் முழங்கால் வலி வந்திருக்கிறது. நம் கட்டடத்தில் வாட்ச்மேனை நிறுத்திவிட்டு வாசற்கதவில் முகம் பார்த்துத் திறக்கும் கருவியை வைத்திருக்கிறார்கள். அப்பா தொப்பி போட்டால் அதற்கு அடையாளம் தெரிவதில்லை. போன வாரம் காய்கறிப் பையோடு அதன் முன்னால் நின்றுகொண்டு, "நான்தாம்பா, ரெண்டாவது மாடி" என்று பத்து நிமிடம் அதனிடம் பேசியிருக்கிறார். வாட்ச்மேனாக இருந்தால் பையையும் வாங்கிக்கொண்டிருப்பார். உன் அப்பாவின் வழுக்கையைப் பார்த்த பிறகுதான் கதவு திறந்தது. இதில் சிரிக்க இடம் இருக்கிறது, அதனால் நாங்களும் சிரித்தோம். மாமா விஷயத்தில் அந்த இடம் இல்லை.

போனில் நீ பாதிதான் கேட்டாய், மீதியை நான் கோபத்தில் முழுங்கிவிட்டேன். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உன் மாமா பஸ் ஓட்டத் தொடங்கி இருபத்தாறு வருடம். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே இடது இமை பாதி இறங்கித்தான் இருக்கும், பார்வையில் குறையில்லை, வருடா வருடம் டெப்போ டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். எட்டு மாதத்துக்கு முன்னால் டெப்போவின் எல்லா பஸ்ஸிலும் ஓட்டுநர் முகத்துக்கு நேரே உங்கள் கம்பெனியின் கேமராவை மாட்டினார்கள். கண் மூடினால் மணியடிக்கும் அந்தப் பகுதியை எழுதியது உன் குழு என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மாட்டிய முதல் நாளே அவன் பஸ்ஸில் ஒன்பது முறை மணி அடித்தது. டெப்போவில் அவனைக் கும்பகர்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "அண்ணே, உங்களுக்கென்ன, பாதிக் கண்ணு தூங்கினாலும் மீதி ஒன்றரைக் கண்ணு டூட்டி பார்க்குமே" என்று ஒருவர். அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டு இருந்துவிட்டான். அது அவன் செய்த தப்பு, அன்றைக்கே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

போன மாதம் ஆறாம் தேதி காலை பத்து பதினேழுக்கு ஒரு கைவண்டி சந்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது. மாமா பிரேக் போட்டான். பஸ் நின்றது, யாருக்கும் ஒன்றும் இல்லை. மேலாளரின் திரையில் அது எப்படி வந்தது தெரியுமா? தூக்கம், திடீர் பிரேக், கடுமையான நிகழ்வு, நம்பகம் 94. அதாவது இவன் தூங்கி, திடுக்கிட்டு விழித்து, பிரேக்கை மிதித்தானாம். அன்று மாலையே பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். இந்த மாதம் பதினெட்டாம் தேதி விசாரணை. தூங்கினான் என்று முடிவானால் உரிமம் போகும், வேறு எந்த வண்டியையும் தொட முடியாது. உன் அத்தை எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறாள், ஆனால் பேச்சு நடுவில் வார்த்தையை மறந்துவிடுகிறாள்.

நான் அக்கா என்பதால் அவன் பக்கம் பேசுகிறேன் என்று நீ சொன்னாய். நியாயமான சந்தேகம். அது எனக்கே என்மேல் இருந்ததால்தான் அவன் இறக்கப்படுவதற்கு முந்தைய வாரமே, மணி அடிக்கிறது என்று அவன் முதன்முதலாகக் குறைபட்டுக்கொண்டபோது, மூன்று நாள் அவன் பஸ்ஸில் அவன் முகம் தெரியும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து குறித்து வைத்திருந்தேன். பதினான்கு, பதினொன்று, பதினாறு. மொத்தம் நாற்பத்தொரு மணி. நாற்பத்தொன்றிலும் அவன் கண் சாலையில்தான் இருந்தது, இருபத்தெட்டு முறை எதிர்வெயில். மூன்றாம் நாள் என் கணக்கை நானே நம்பாமல் கண்டக்டர் பெண்ணையும் தனியாகக் குறிக்கச் சொன்னேன். அவள் பதினைந்து என்றாள். ஒன்று டிக்கெட் கொடுக்கும்போது விட்டுப்போயிற்று என்று அவளே சொன்னாள். அவள் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "மத்த டிரைவருங்க எல்லாம் கறுப்புக் கண்ணாடி வாங்கிட்டாங்கக்கா. கண்ணாடி போட்டா அது கப்சிப். நிஜமாவே தூங்கறவரும் இப்ப நிம்மதியா தூங்கறாரு." மாமாவுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அந்தி வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு ஓட்டினால் ஆளே தெரியாது, எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். ஒழுங்காக ஓட்டுகிறவனைப் பிடித்து, ஏமாற்றத் தெரிந்தவனை விட்டுவிடும் ஒரு கருவிக்கு நீங்கள் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

கைவண்டிக்காரரையும் தேடிப் பிடித்தேன். பழைய பேப்பர் எடுக்கிறவர். நாலு தெருவில் விசாரித்து மூன்றாம் நாள்தான் கிடைத்தார். தப்பு தன்மேல் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தாராமே என்று கேட்டேன். வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். "யாரும்மா சொன்னது? நான் குறுக்க வர்றப்பவே என்னைப் பார்த்துட்டாரு. நின்னப்புறம் கண்ணாலயே என்னைத் திட்டினாரு பாருங்க, அப்படி ஒரு திட்டு. தூங்கறவரு திட்டுவாரா?" என்றார். விசாரணையில் வந்து சொல்வதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிறகு மேலாளரைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை, மேசைமேல் மூன்று போன், சுவரில் இரண்டு திரை, சாப்பாட்டு டப்பா மூன்று மணிக்கும் திறக்காமல் கிடந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "புரியுது மேடம், ஆனா இதை நான் எங்க எழுதறது?" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டே பட்டன். ஒன்று எச்சரிக்கை, இன்னொன்று நடவடிக்கை. "ரெண்டுல எதை அமுக்கினாலும் அவரு தூங்கினதா ஆயிடுது" என்றார். தொண்ணூற்று நாலு என்பது எதில் தொண்ணூற்று நாலு என்று கேட்டேன். கம்பெனியைத்தான் கேட்க வேண்டும் என்றார். கம்பெனிக்கு எழுதினேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது, என் கேள்வி அவர்களுக்கு மிக முக்கியம் என்று. எழுதியது மனிதரில்லை, நாலு நாளாகியும் மனிதர் யாரும் எழுதவில்லை. எங்கள் பத்திரிகை ஆபீஸில் வாசகர் கடிதத்துக்கு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், அவரும் எரிந்துதான் விழுவார், ஆனால் யார் மேல் விழுகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

போனில் நீ சொன்ன மூன்று விஷயத்துக்கு வருகிறேன். அது எட்ஜ் கேஸ், ஐநூறு பேரில் ஒருவர், அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அடுத்த வெர்ஷன் மூன்று மாதம் கழித்து. அதற்குள் இந்த வெர்ஷன் உன் மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிடும். அப்புறம், யூசர் என்றால் மேனேஜர்தான்ம்மா, டிரைவர் இல்லை என்றாய். அப்படியானால் மாமா யார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, டேட்டா என்றாய். சொன்ன உடனே நீயே சிரித்துவிட்டாய், அதில் சந்தோஷம் இல்லை. அந்தச் சிரிப்பை நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மூன்றாவது, எல்லாம் சோதித்துப் பார்த்துத்தான் வெளியிட்டோம் என்றாய். அந்தச் சோதனையின் படத்தை நீயே எனக்கு அனுப்பியிருக்கிறாய். மீட்டிங் ரூமில் பன்னிரண்டு பேர், நாற்காலியில் சாய்ந்து, தூங்குவதுபோல் பாவனை. நீ வாயைப் பிளந்துகொண்டு. அன்றைக்கு அப்பாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். நேற்று எடுத்து மறுபடி பார்த்தேன். முப்பது வயதைத் தாண்டியவர் ஒருவர் இல்லை, எதிர்வெயில் இல்லை, கோணல் கண் ஒன்று இல்லை. நிஜமாகத் தூங்கியவரும் இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் அது அந்தப் பானைக்கு. நீங்கள் உங்கள் பானையில் பன்னிரண்டு பருக்கையை அமுக்கிப் பார்த்துவிட்டு ஊரார் அடுப்பில் இருப்பதெல்லாம் வெந்துவிட்டது என்கிறீர்கள்.

கேமராவையெல்லாம் பிடுங்கி எறி என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. அதே டெப்போவில் தொலைதூர பஸ் ஓட்டும் ஒருவர், கண்ணாடிப் பழக்கம் வருவதற்கு முன்னால், அந்த மணி அடித்ததால் விழித்துக்கொண்டேன் என்று என்னிடமே சொன்னார். அதையும் என் குறிப்பில் எழுதியிருக்கிறேன். மணி அடிக்கட்டும். மணி அடித்ததையே தீர்ப்பாக எழுதாதீர்கள் என்பதுதான் என் கட்சி. இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும், இதுவரை சொன்னதில்லை. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது லாரி ஒன்று கடைக்குள் புகுந்த விபத்தை எழுதினேன். ஓட்டுநர் தூங்கியதே காரணம் என்று போலீஸ் சொன்ன ஒரு வரியை அப்படியே போட்டேன். அந்த ஓட்டுநர் ஆஸ்பத்திரியில் முழு நினைவோடு இருந்தார், நடந்து போகிற தூரம், நான் போய்க் கேட்கவில்லை. பேப்பர் அச்சுக்குப் போகும் நேரம். மூன்று வாரம் கழித்து பிரேக் குழாய் அறுந்திருந்தது தெரிந்தது. நாலாம் பக்கத்தில் நாலு வரியில் திருத்தம் போட்டோம். முதலில் வெளியிடு, பிறகு திருத்திக்கொள் என்பது உங்கள் தொழிலில் பிறந்த தத்துவம் என்று நினைக்காதே. எங்களுக்கும் அது பழக்கம்தான், ஆனால் அந்தச் செய்திக்கு மேல் என் பெயர் இருந்தது. அவருடைய மனைவி ஆபீஸுக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். நான் எழுந்து போய் அவள் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. மாமா யார் பெயரைச் சொல்லிக் கேட்பான்?

இப்போது ஆக வேண்டிய காரியம். மிஷின் பொய் சொல்லாதும்மா, செகண்ட் செகண்டாகப் பதிவாகிறது என்று கோபத்தில் கத்தினாயே, அதற்கு நன்றி. மேலாளர் திரையில் நிமிடம் மட்டும்தான் தெரிகிறது. தூங்கி விழித்தவன் என்றால் முதலில் மணி, பிறகு பிரேக். வண்டியைப் பார்த்து மிதித்தவன் என்றால் பிரேக் முதலில் வந்திருக்கும். அதனால் அந்த ஒரு நிமிடத்தின் முழுப் பதிவையும் தரச் சொல்லி டெப்போவிலிருந்து முறைப்படி உங்கள் கம்பெனிக்குக் கடிதம் போயிருக்கிறது. மேலாளரே கையெழுத்துப் போட்டார், அதற்குப் பட்டன் தேவைப்படவில்லை. பதிவு வந்தால் பிரேக்தான் முதலில் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை; நின்ற பிறகு கண்ணைச் சுருக்கி அவரைத் திட்டினானே, அதற்குத்தான் மணி அடித்திருக்கும். அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி உன் மேசைக்குத்தான் வரும். வந்தால் மறைக்காதே, நீயே எடுத்துக் கொடுக்கவும் செய்யாதே. இவர் என் மாமா என்று உன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, பதிவை வேறொருவர் எடுக்கட்டும் என்று விலகி நில். ஆனால் அந்த மணி எதை அளக்கிறது, எதை அளக்காது, எத்தனை பேரிடம் சோதித்தது என்பதை அரைப் பக்கம் எழுதி, கீழே உன் பெயரைப் போடு. அதை உன்னைவிடத் தெரிந்தவர் இல்லை. நானும் விலகித்தான் நிற்கிறேன். ஓட்டுநருக்கு அக்கா, கருவி செய்தவளுக்கு அம்மா, இந்தச் செய்தியை நான் எழுதக் கூடாது. குறிப்புகளை எங்கள் நீதிமன்ற நிருபரிடம் கொடுத்துவிட்டேன். அவள் உன்னைக் கூப்பிடுவாள். உன் எண்ணை நான் தரவில்லை, அவளுக்கு என் தயவு தேவையும் இல்லை. பேச விருப்பமில்லை என்றால் அதைச் சொல், அவள் அப்படியே எழுதுவாள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே.

ஒன்று மட்டும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. இந்தக் கடிதம் மாமாவுக்குத் தெரியாது. மேலாளர் என் முன்னால் அவனிடம், "அந்தக் கம்பெனில உங்களுக்கு யாரையாவது தெரியுமா? தெரிஞ்சா சீக்கிரம் முடியும்" என்று கேட்டார். அவன் ஒரு கணமும் யோசிக்காமல், "யாரையும் தெரியாதுங்க" என்றான். வெளியே வந்ததும், ஏன்டா பொய் சொன்னாய் என்றேன். "புள்ள வேலைக்கு ஏதாவது ஆயிட்டா? எனக்கு இன்னும் ஆறு வருஷம்தான்க்கா சர்வீஸ். அவளுக்கு முழுசும் மிச்சம் இருக்கு. நீ அவளுக்கு ஒண்ணும் எழுதாத, என் மேல ஆணை" என்றான். நான் தலையை ஆட்டினேன், வாயைத் திறந்து சத்தியம் செய்யவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கண் டாக்டரிடம் போ, போனில் சொன்னதையும் சேர்த்து இதை நினைவூட்டுவது மூன்றாவது முறை. அப்பாவும் நானும் என்றைக்கும் உனக்கு நல்லதே நினைக்கிறோம், கை நிறைய வேலையும் மனம் நிறைய நிம்மதியும் உனக்குச் சேர்ந்தே வரட்டும். பதினெட்டாம் தேதிக்கு முன்னால் போன் செய். எனக்கு வேண்டாம், மாமாவுக்குச் செய். நீ என்ன முடிவு எடுத்திருந்தாலும் அதை அவன் உன் வாயால்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா