பதினான்கு டேக் வாங்கிய வரி

அன்புள்ள ஒன்டேக்குக்கு,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இந்த மூன்று வருஷமாக உனக்கு எழுதிய எல்லாக் கடிதத்தையும் 'அன்புள்ள தங்கைக்கு' என்றுதான் தொடங்கினேன். உன் அண்ணன் உறையைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருகிறார் என்று தெரிந்ததால் அப்படி. இதையும் அவர் பிரிக்கட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகவே படிக்கட்டும். டப்பிங் தியேட்டரில் எல்லோரும் உன்னை எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் சினிமா பாடம் நடத்துகிறாள், ஃபிலிம் சொசைட்டியும் வைத்திருக்கிறாள். ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் படங்கள் இத்தனை காலமாக எப்படிக் காட்டின என்று தொகுக்கிறாளாம். வேற்றுமொழிப் படங்களுக்கு நம் மொழியில் வசனம் எழுதி முப்பது வருஷம் ஓட்டியவள் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரெக்கார்டரை மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க எழுதின படங்கள்ல அந்த மாதிரி ஆளுங்க எப்படி வருவாங்க மேடம்" என்று கேட்டாள்.

எப்படி வருவார்கள்? ஆரம்பத்தில் கோமாளியாக வருவார்கள். இடுப்பை ஒடித்து நடக்கும் தையல்காரன், கதாநாயகன் தோளைத் தொட்டதும் கன்னத்தில் வாங்கிக்கொள்ளும் ஹோட்டல் சிப்பந்தி. அசலில் அந்தத் தையல்காரன் பாதிப் படம் சும்மாதான் நிற்பான். முதுகு காட்டி நிற்கும் ஷாட்டில் உதடு தெரியாது, என்ன வேண்டுமானாலும் பேசவைக்கலாம். அவன் முதுகைப் பார்த்த இடத்திலெல்லாம் குழைந்து பேசும் ஒரு வரி எழுதி வைத்தேன். தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

பெண்கள் என்றால் சாவுதான். ஒருத்தி ஆற்றில் விழுந்தாள், ஒருத்தி மாத்திரை விழுங்கினாள், ஒருத்தியைக் கொலைகாரி என்று தெரிந்து போலீஸ் சுட்டது. மூன்று பேருக்கும் அலறியது நீ. அந்தக் கொலைகாரிக்குப் பேசிவிட்டு வந்த அன்றைக்கு, "நம்மள மட்டும் ஏன் கடைசி ரீல் வரைக்கும் உயிரோட விட மாட்டேங்கிறாங்க" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாய். கதை அப்படி என்று சொன்னேன். இப்போது காலம் மாறிவிட்டதாம். மாறித்தான் இருக்கிறது. அழகான கண்ணாடி போட்டுக்கொண்டு கதாநாயகிக்கு யோசனை சொல்லும் தோழியாக வருகிறார்கள். அவளுக்கு ஒரு வீடு இருக்காது, வீட்டில் காத்திருக்க ஒரு ஆளும் இருக்காது. இப்படி ஆட்களைக் காட்டக்கூடாது என்கிற ஊரில் வெட்டி எறிய வசதியாக மொத்தமே இரண்டு நிமிஷம். இதற்குக் கைதட்ட வேறு சொல்கிறார்கள்.

இதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டேன். கொட்டியவள் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு பெண்கள் காதலிக்கும் அந்தச் சலவைக்கடைப் படத்தைப் பற்றியும் சொல்லித் தொலைத்தேன். எங்கேயோ ஒரு பிரதி பிடித்து, நம் டப்பிங்கோடு போன சனிக்கிழமை போட்டுவிட்டாள்.

போய் உட்கார்ந்தேன். முப்பது நாற்பது பேர், எல்லாம் சின்ன வயசு. இரண்டாவது ரீலில் கதாநாயகியின் அம்மா, "எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு" என்று கண்ணைக் கசக்குகிறாள். ஆறாவது ரீலில் அந்த ஒரே பொண்ணு இன்னொருத்தியை அக்கா என்கிறாள். அரங்கமே சிரித்தது. எனக்குப் பின்னால் ஒரு பையன், "அக்காவாம், அக்காவை யாருடா இப்படிப் பார்ப்பா" என்றான்.

அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. அம்மாவுக்குப் பேசிய நடிகை தன் பகுதியை முதல் நாளே முடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள்தான் விநியோகஸ்தர் வந்து, "ரெண்டு பேரையும் அக்கா தங்கச்சி ஆக்கிடுங்க, குடும்பத்தோட பார்க்கணும்" என்றார். ஐந்தாம் ரீல் வரை என்ன உறவு என்று தெரியாதபடி அவர்களைப் பொதுவாகப் பேசவைத்து விட்டுவிட்டேன். ஆறாவதை மட்டும் மாற்றினேன். அம்மாவின் வரி என் நினைவுக்கே வரவில்லை. இருபது வருஷமாக யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

அந்த ஆறாவது ரீலின் படகுத்துறைக் காட்சி உனக்கு மறந்திருக்காது. முத்தத்தை வெட்டிவிட்டார்கள், கையைப் பிடிப்பதை வெட்டிவிட்டார்கள், அந்த முகத்தை மட்டும் வெட்ட முடியவில்லை. 'நீ போயிட்டா இந்த வீட்ல நானும் ஒரு விருந்தாளிதான்' என்பது அசல் வரி. 'அக்கா, போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடு' என்று எழுதினேன். எந்த வசனத்தையும் ஒரே டேக்கில் முடிக்கிறவள் நீ, அதற்குப் பதினான்கு டேக் வாங்கினாய். ஒரு தடவை அக்காவை விழுங்கினாய், ஒரு தடவை அழுதாய், இரண்டு தடவை வேண்டுமென்றே அசல் வரியைப் பேசினாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மைக்கை அமுக்கி, "அக்கான்னு சொல்லும்மா, உதடு சரியா உட்காருது" என்றேன். சவுண்ட் இன்ஜினியர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பயம் எனக்கு. பதினான்காவது தடவை மளிகை லிஸ்ட் படிப்பதுபோலப் பேசினாய். விநியோகஸ்தர் ஓகே என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாய்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? வீட்டு ஓனரம்மாவிடம் நாம் அக்கா தங்கச்சி என்று சொல்லி வைத்திருந்தேன். உன் அம்மா வந்திருந்தபோது, எனக்கு ஒரு பையன் ஒரு பொண்ணு என்று அந்தம்மாவிடம் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். "அப்போ இவங்க" என்று அந்தம்மா என்னைக் காட்டினார். "என் அக்கா பொண்ணுங்க, ஆனா எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் உன் அம்மா, கொஞ்சமும் தடுமாறாமல். அன்றைக்குச் சமையலறையில் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என்னைவிட நன்றாக வசனமும் வந்தது.

அவர் காலமான பிறகு உன் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். வயசான காலத்தில் தங்கச்சி சொந்தக்காரர்களோடு இருப்பதுதான் முறை என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இதுல நீங்க யாரு சொல்ல" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நீ பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய். ஊரில் உள்ளவர்கள் வாயிலெல்லாம் வார்த்தை வைத்துப் பிழைத்தவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "கூட இருந்தவங்க" என்றேன். நீ காரில் ஏறிவிட்டாய். அதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேல்தான், தினமும்.

இப்போது அந்தப் பெண் ஆறாவது ரீலைத் திரும்ப டப் செய்ய வேண்டும் என்கிறாள். வரியை அசல்படியே மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பதினான்காம் தேதி, காலை பத்து மணி, அதே தெருவில் புது ஸ்டூடியோ, லிஃப்ட் இருக்கிறது. உன் மூட்டுவலிக்காக அதையும் விசாரித்துக்கொண்டேன். வந்தால் நம் வீட்டில் தங்கலாம். எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன். பன்னிரண்டாம் தேதி நானே வந்து அழைத்துப்போகிறேன், உன் அண்ணனிடமும் நானே பேசுகிறேன். இருபத்திரண்டு வருஷம் நாம் குடும்பம் நடத்தினோம் என்று சொல்லப்போகிறேன். அவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் இப்போதே சொன்னதாக எடுத்துக்கொள்ளட்டும்.

நீ வர விரும்பாவிட்டால் அதையாவது உன் கையால் எழுது. போன் செய்தால் தூங்குகிறாய் என்கிறார்கள். மூன்று வருஷமாக உன் அண்ணி கையெழுத்தில் 'அனைவரும் நலம்' என்று வருகிறது. நீ நலமா என்று நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, தொண்டையைப் பார்த்துக்கொள். வேறு நல்ல குரல்கள் இருக்கின்றன என்று அந்தப் பெண் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் அந்த இடத்தில் சத்தமே வேண்டாம், திரையில் கதாநாயகியின் உதடு மட்டும் அசைந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன்னோடு வாழ்ந்தவள்