கோவிந்தன் பெயரில் ஒரு சாவி

4 ஜூன் 2003
எனக்குக் கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல மகள் சரளா எழுதுகிறாள். ஆனால் மறதி மட்டும் கிடையாது.

ஆனேக்கல் நிலம் விற்ற பணத்தை இன்று நான் வேலை பார்த்த கல்லூரியில் கட்டினேன். பி.எஸ்ஸி. படிக்கும்போதே ஆராய்ச்சி செய்கிற பிள்ளைக்கு, வருஷம் ஒருவருக்கு, மகன் கோவிந்தன் பெயரில் உதவித்தொகை.

"தம்பி ஓசூர்ல நல்லாத்தானே இருக்கான். உயிரோட இருக்கறவன் பேர்லயாப்பா?" என்றாள் சரளா.

ஆமாம். அந்தப் பெயரை ஒருத்தர் வாயால் சொல்ல வைக்கணும்.

9 ஜூன்
எழுபத்திநாலு, ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை. நான் அந்தக் கல்லூரியில் லேப் அட்டெண்டர், கோவிந்தன் அங்கேயே மாணவன். அல்சூர் ஏரித் தண்ணீரை ஜாம் பாட்டிலில் கொண்டுவந்து, சாயங்காலம் இருந்து பார்க்க லேப் சாவி கேட்டான். மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாவிதான். பேராசிரியர் சீனிவாசராகவன் சிரித்தார். "சாவியா? மொதல்ல உங்கப்பாகிட்ட பாட்டில் கழுவக் கத்துக்கோ." தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார்.

பையன் அதோடு படிப்பை விட்டான்.

20 ஜூன்
ஒரே நிபந்தனை வைத்தேன். சீனிவாசராகவன் மேடையில் கோவிந்தன் பெயரை வாசித்து, லேப் சாவியைத் தன் கையால் பிள்ளைக்குக் கொடுக்கணும். ரிட்டயர் ஆனாலும் உதவித்தொகைக் கமிட்டித் தலைவர் அவர்தானே.

"பச்சைமுத்து ஐயா, மேடையில யாராவது சாவி கொடுப்பாங்களா? சால்வை போதாதா?" என்றான் கிளார்க் ஹரிஷ்குமார்.

போதாது.

1 ஜூலை
ஒத்துக்கொண்டாராம். வேட்டி இஸ்திரிக்குப் போயிருக்கிறது.

14 ஆகஸ்ட்
முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் நின்றார். "கோவிந்தன், அட்டெண்டர் பச்சைமுத்துவின் மகன்" — வாசிக்கும்போது குரல் தடுமாறியது. சாவியை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. நல்லா வேணும்!

பிறகு சாவி வாங்கிய பெண் மமதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, கோவிந்தன் சார் எதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணாரு?"

"ஏரித் தண்ணி."

"தண்ணியில என்ன தேடினாரு?"

இத்தனை வருஷத்தில் நான் அதை அவனிடம் கேட்டதே இல்லை.

15 ஆகஸ்ட்
தண்ணீரைக் கொட்டினது அவர். காலி பாட்டிலை என்னிடம் நீட்டினார். கழுவினது யார்? நான்தானே! பையன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தரிடமும் சொன்னதில்லை — எழுது சரளா, நிறுத்தாதே.

17 ஆகஸ்ட்
கோவிந்தனுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு அந்தத் தண்ணியில என்னடா பாக்கணும்னு இருந்தே?"

"இப்பத்தான் கேக்கறியாப்பா?" என்றான். பிறகு, மீன் செத்து மிதந்த கரையில் மட்டும் தண்ணீர் ஏன் அப்படிப் பச்சையாக இருந்தது என்று ஆரம்பித்தான். காது வலித்து இரண்டு தடவை போனை மாற்றி வைத்துக்கொண்டேன். சீனிவாசராகவன் பெயரை அவன் எடுக்கவில்லை. எனக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு வருகிறான். மமதாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு ஜாம் பாட்டிலைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன்.