கொன்றைப்பூவும் அம்மாவின் முகமும்

அப்பா, வாசல் நிலையில் முந்தாநாள் கட்டிய கொன்றைப்பூ இன்று பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. படியெல்லாம் மஞ்சள். துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டு, பெருக்க மனம் வராமல் நின்றேன். பாப்பா தூங்குகிறாள். அவள் எழுந்திருப்பதற்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

கொன்றை என்றால் எனக்கு உங்கள் ஜீப்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறுகிற ஜீப், பங்குனி கடைசி நாளில் மட்டும் பூவேற்றிக்கொண்டு இறங்கும். சித்திரை முதல் நாள் கண் விழித்ததும் கனித் தட்டில் முழிக்க வேண்டும் என்பது மலையாளத்தாரிடம் நீங்கள் பழகிய பழக்கம். கோம்பையில் நம் தெருவில் வேறு யாரும் கனி வைப்பதில்லை. "டிரைவர் வீட்ல பாதி மலையாளம்" என்று கேலி பேசுவார்கள். நீங்கள் சட்டை செய்ததே இல்லை. மாவிலையோடு கொன்றையைச் சேர்த்து நிலைக்குக் கட்டுவீர்கள், நடுவில் ஒரு கொத்து வேப்பம்பூ. "இது உதிருமேப்பா" என்று நான் சிணுங்கினால், "உதிரட்டும்த்தா, கோலம் போட்ட மாதிரி இருக்கும்" என்பீர்கள்.

விடியும் முன் என் கண்ணைப் பொத்தி நடத்திக்கொண்டு போவீர்கள். டீசலும் ஏலக்காயும் மணக்கிற கை. தட்டின் முன் கையை எடுத்தால் அரிசி, மாங்காய், வெள்ளரிக்காய், அம்மாவின் தோடு, ஒரு கண்ணாடி, எல்லாவற்றின் மேலும் பூ. வருசத்தின் முதல் காட்சி நல்லதாக இருந்துவிட்டால் போதும் என்று நானும் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அதுதான் சிக்கல்.

நீங்கள் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை. கோம்பை வீட்டு வாசலுக்கு இந்தச் சித்திரையில் பூ கிடையாது. எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மாமியார் விடவில்லை. "கட்டிக் குடுத்த பிள்ளைக்கு மூணு நாளோட தீட்டு முடிஞ்சிச்சுத்தா. இங்கன வெளக்கேத்தாம விட்டா பாப்பாவுக்கு ஆகாது."

பாப்பாவுக்கு ஆகாது. அந்த ஒரு சொல் போதும் எனக்கு. அவள் இரண்டு தும்மல் போட்டாலே செல்போனில் தேட ஆரம்பித்துவிடுகிறவள் நான். அல்லிநகரம் கடைவீதிக்குப் போய்க் கொன்றை வாங்கி வந்தேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்திருந்த அம்மா, பூவைக் கண்டதும் துணியை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

"எங்கம்மா கெளம்புற?"

"விடிய மொத பஸ்ஸுக்குப் போயிர்றேன். நல்ல நாளும் அதுவுமா பிள்ள எம் மொகத்துலயா முழிக்கணும்?"

"ஆமா, பஸ்ஸு அங்கன ஒனக்காகத்தான் நிக்குதாக்கும்."

"நீ படிச்சவ, பேசுவ. நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீதான் மொத ஆளா அழுவ."

அவள் சொன்னதில் பொய் இல்லை அப்பா. நான் தோரணம் கட்டும்போது நூலைக்கூட அவள் தொட்டுக் கொடுக்கவில்லை.

நேற்று விடியலில் பாப்பாவை எழுப்பிக் கண்ணைப் பொத்தினேன். இமை என் உள்ளங்கையில் குறுகுறுத்தது. சாமி அறைப் பக்கம்தான் நடந்தோம். அடுப்படிக் கதவோரம் பையோடு ஒதுங்கி நின்றாள் அம்மா, நாங்கள் கடந்ததும் கிளம்பிவிடலாம் என்று. என் கால் நின்றுவிட்டது. பாப்பாவை அவள் பக்கம் திருப்பிக் கையை எடுத்தேன்.

"அம்மாச்சி! பூ எங்க அம்மாச்சி?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடப் பார்த்தாள். பாப்பா அதைப் பிடித்து இழுத்தாள். "அடி கிறுக்கி, இப்பிடிப் பண்ணிட்டியேடி" என்று என்னைத் திட்டிக்கொண்டே அம்மா அவளைத் தூக்கிக்கொண்டாள். மாமியார் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். விளக்கை ஏற்றிவிட்டு, "வெறும் வயித்தோட பஸ் ஏறாதீக சம்பந்தி, காப்பி குடிங்க" என்றார்.

பகல் முழுக்கப் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் தொட்டேன். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன நம்பிக்கையும், அதோடு ஒட்டி வந்த பயமும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டேதான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், அடுத்த மாதம் பாப்பாவின் பிறந்தநாளுக்கு வாசல் தோரணத்தை நீதான் கட்ட வேண்டும் என்று.

அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஊருக்கும் போகவில்லை.