கோணலாக வைத்த மேசை

நீ அந்த ரம்ப மேசையைக் கோணலாக வைத்தாய். தெரியாமல் இல்லை, தெரிந்தே வைத்தாய்.

இன்று காலை தறிக்காரர் ஒருவருக்காக நீளமான வேப்பம் பலகை ஒன்றை மேசையில் ஏற்றினேன். முக்கால்வாசி அறுபட்டதும் பலகையின் முனை சுவரில் போய் இடித்தது. தள்ளவும் வழியில்லை, இழுக்கவும் வழியில்லை. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பிளேடு ஒரே இடத்தில் சுற்றி மரத்தைக் கருக்கியது. வேம்பு கருகினால் வரும் புகை உனக்குத் தெரியும். தொண்டையில் கசப்பாக ஒட்டிக்கொள்ளும். சுவிட்சை அணைத்துவிட்டு, அந்தப் புகைக்குள் நின்று உன்னைத் திட்டினேன். செத்துப்போனவனைத் திட்டுகிறோமே என்று தோன்றவில்லை. இருந்தவரை நீ திட்டுவதற்கு இடம் கொடுத்ததில்லை. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு "விடு வே" என்பாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத ஒரே சொல் அதுதான்.

தொழிற்பயிற்சியில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிய அன்றே நீ சொல்லிவிட்டாய். "ஒருத்தன்ட்டயும் கூலிக்குப் போக மாட்டேன். என் வீட்டுல ஒரு மிஷின் ஓடணும். அது போதும்." பெரிய ஆசையில்லை. கடைகளுக்கு பெஞ்சு, ஸ்டூல், தறிக்குச் சட்டம், வீட்டுக்கு சன்னல் என்று இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. கையால் அறுத்தால் ஒரு நாள் ஆவதை மிஷின் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஊர் அந்தக் கணக்கில் இல்லை என்பதை நாம் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

மதுரையில் அந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனது நினைவிருக்கிறதா? பச்சைப் பெயின்ட் அடித்த புது மிஷின் ஒன்று வாசலிலேயே நின்றது. மேசை தகரம், சக்கரம்கூட இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. நீ அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாய். மூலையில், மூடிப்போன ஏதோ மரம் அறுக்கும் வாள்பட்டறையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு மேசை ஒன்று எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. உன் இரும்பு ஸ்கேலை அதன்மேல் விளிம்பில் நிறுத்தி, குனிந்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாய். குறுக்கே பார்த்தாய். மூலைக்கு மூலை பார்த்தாய்.

கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தியா, மிஷின் பாக்க வந்தியா?"

"பொண்ணு எப்படியும் என்னைச் சகிச்சுக்கிடுவா அண்ணாச்சி. மிஷின் சகிக்காதுல்லா" என்றாய்.

அவர் சிரித்து, மோர் வரவழைத்துக் கொடுத்தார். வெளியே வந்து என்னிடம் சொன்னாய்: "தகர மேசை மரத்தோட சேந்து ஆடும் வே. பாரம் இருக்கதுதான் பேசாம நிக்கும்."

மோட்டார் பனவடலிசத்திரத்துக்குத் தெற்கே ஒரு கிணற்றில் கிடைத்தது. கிணறு வற்றி மூன்று கோடை ஆகியிருந்தது. "தண்ணி இல்லாத கெணத்துல இது என்னத்த இறைக்கும்? கொண்டு போங்கடே. மரத்தையாவது அறுக்கட்டும்" என்றார் அந்த விவசாயி. த்ரீ பேஸ் மோட்டார். அதன் இழுவையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோமே தவிர, உன் தெருவுக்கு த்ரீ பேஸ் கம்பி உண்டா என்று கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கிணற்று மோட்டார்களையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மோட்டார் என்றால் ஓடும் என்றுதான் நினைப்பு.

அதற்குள் நீ உன் வீட்டுச் சாய்ப்பில் தரையைத் தோண்டி, கல்லும் சிமெண்டும் போட்டு, போல்ட்டுக்கு நான்கு துளை விட்டுத் தளம் அமைத்திருந்தாய். மிஷின் வருவதற்கு முன்னாலேயே அதற்கு இடம் காத்திருந்தது. உன் மனைவி பேச்சி தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய மிஷின். அந்தத் தளத்தைத் தினமும் கூட்டித் தண்ணீர் தெளித்ததும் அவள்தான். "மாப்பிள்ளைக்கு ஜமுக்காளம் விரிச்ச மாதிரில்லா இருக்கு" என்று உன்னைக் கேலி செய்வாள்.

கம்பி இழுக்க வேண்டுமென்றால் முக்கு வீட்டு மாடிக்கு மேலேதான் வர வேண்டும். நாம் போய்க் கேட்டபோது அந்த வீட்டுக்காரர் நம்மை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் இனிமையாகத்தான் பேசினார். "பிள்ளைக மாடியில வெளையாடுதுக. கம்பி போச்சுன்னா ஆபத்துல்லா? உங்களுக்கு எதுக்குப்பா மிஷின் கிஷின்னு?" விளக்கெரிய ஒற்றைக் கம்பி உங்கள் தெருவுக்கு வந்தபோது அதே பிள்ளைகள் அதே மாடியில்தான் விளையாடினார்கள். உங்கள் தெருவில் மோட்டார் சத்தம் கேட்டுவிடுமோ என்பதுதான் அவருடைய பயம். நான் வாயைத் திறந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாய். "விடு வே."

அப்படித்தான் மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா ஒரு காலத்தில் மாவு மில் வைத்திருந்த பின்கட்டுக் கொட்டகையில் த்ரீ பேஸ் இணைப்பு சும்மா கிடந்தது. உன் அம்மா கம்பு திரிக்கப் பெட்டியோடு காத்து நின்ற கொட்டகைதான் அது. அவள் பின்பக்கச் சந்தான முடுக்கு வழியாக வந்து, முடுக்கிலேயே நின்று, மாவை வாங்கிக்கொண்டு போவாள். அப்பா யோசித்தார். பிறகு உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஓட்டிக்கிடட்டும். போக்குவரத்து மட்டும் முடுக்கு வழியா இருக்கட்டும். முன்னால நாலு பேர் வந்து போற எடம்."

அன்று நான் போட்ட சண்டை உனக்குத் தெரியும். தெருவே கேட்டது. நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முடுக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டுச் சொன்னாய்: "எதுக்கு வே கத்துத? மிஷினுக்கு எந்த வாசல்னு தெரியுமா?"

அதைப் பெரிய மனசு என்று பலபேர் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. நீ ஒரு நாள் சேர்ந்து கத்தியிருந்தால் அப்பா இறங்கி வந்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இறங்கி வராமலும் போயிருக்கலாம். அப்போது கொட்டகையும் போயிருக்கும். இது எனக்குப் புரியாமல் இல்லை. புரிவதால் ஆத்திரம் குறையவில்லை.

மேசையை நிறுத்திய அன்று நமக்குள் வந்ததுதான் உண்மையான சண்டை. கொட்டகையின் ஒரு தலையில் முடுக்குக் கதவு, எதிர்த் தலையில் எங்கள் வீட்டு முற்றமான வளவுக்குள் திறக்கும் கதவு. இரண்டையும் திறந்துவிட்டு மேசையை நேராக வைத்தால் எவ்வளவு நீளப் பலகையும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். யாருக்கும் தெரிகிற விஷயம். நீ சுண்ணாம்புக் கட்டியால் தரையில் மூலைக்கு மூலை கோடு போட்டாய்.

"கோணலா இருக்குலே" என்றேன்.

"கோணல்தான்."

"எட்டடிக்கு மேல உள்ள பலகை சுவத்துல இடிக்கும்."

"எட்டடிக்கு மேல உள்ளத முடுக்குல வச்சுக் கையால அறுத்துக்கிடுதேன்."

"உனக்குப் பைத்தியமா? மிஷின வச்சுக்கிட்டுக் கையால அறுப்பியா?"

நீ கோட்டின்மேலேயே குத்த வைத்து உட்கார்ந்தாய். "நேரா வச்சா பலகை உங்க வளவுக்குள்ள போகும். பலகை போனா அந்தத் தலையப் பிடிக்க ஆளு போகணும். ஆளு யாரு? நான்தான வே?"

நான் பதில் சொல்வதற்குள் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டாய். அதன் பிறகு பிளேடுக்கும், பலகையை அணைத்துத் தள்ளும் கைடுக்கும் இடைவெளி முன்னாலும் பின்னாலும் ஒத்துப்போகிறதா என்று அரைநாள் அளந்தாய். முடியிழை வித்தியாசம் இருந்தாலும் மரம் கருகும் என்று போல்ட்டைத் தளர்த்தி, இறுக்கி, மறுபடி தளர்த்தினாய். மேசைமேல் எல்லாம் நேர். அந்த மேசை நின்ற விதம்தான் கோணல். கோணலான இடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நேராக வேலை செய்வாய் நீ.

எங்கள் வீட்டு முகப்பை இடித்துக் கட்டியபோது முன்வாசல் நிலையை அப்பா உன்னிடமே கொடுத்தார். தேக்கு. ஏழடி நிலைக்கால் அந்த எட்டடிக்குள் அடங்கிவிட்டது. வளவு வழியாக எடுத்தால் முன்வாசலுக்கு இருபது தப்படிதான். நீயும் உன் ஆட்களும் முடுக்கு வழியாகத் தெருவைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் முன்னால் இறக்கினீர்கள். நிலை வைக்கும் நாளில் மஞ்சள் துணி கட்டி, மாவிலை கட்டி, வேறு ஊரிலிருந்து ஆசாரி ஒருவரை வரவழைத்து நிலையை நிறுத்தினார்கள். வேட்டி துண்டு அவருக்குப் போனது. உனக்குச் சர்க்கரைப் பொங்கல் இலையில் முடுக்குக்கு வந்தது. நான்தான் கொண்டுவந்தேன். நீ பொங்கலைப் பார்க்காமல் என்னைக் கேட்டாய்: "தூக்குக்குண்டு விட்டுப் பாத்தாரா வே அவர்? நிலை சாஞ்சிருந்தா கதவு தன்னால தொறந்துக்கிடும்."

அப்பா இன்றும் வருகிறவர்களிடம் அந்த நிலையைத் தட்டிக் காட்டுவார். "நம்ம வீட்டு மிஷின்லயே அறுத்தது" என்பார். யார் அறுத்தது என்று அவரும் சொல்வதில்லை, வந்தவர்களும் கேட்பதில்லை.

உன்னை மஞ்சள்காமாலை கொண்டுபோனது. கண் மஞ்சளானதைப் பார்த்து நான் சொன்னபோதும் "விடு வே, சூடு" என்றாய். கீழாநெல்லிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நாட்கள் போய்விட்டன. உன்னைத் தூக்கிய அன்று அப்பா தெரு முக்குவரை வந்தார். "நல்ல பய" என்றார். அதற்குமேல் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

இப்போது தெருவுக்கு ஒரு டி.வி. வந்துவிட்டது. முக்கு வீட்டு மாடியில் ஆன்டெனா நிற்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு ஆபத்து ஒன்றுமில்லை. உங்கள் தெருவுக்கு மட்டும் த்ரீ பேஸ் கம்பி இன்னும் வரவில்லை.

போன வாரம் பேச்சியைப் பார்க்கப் போனேன். உன் தளம் அப்படியே இருக்கிறது. தேள் அடையும் என்று நான்கு துளையிலும் கந்தலைத் திணித்து வைத்திருக்கிறாள். "மிஷின இங்க கொண்டு வந்துருங்கண்ணே" என்றாள்.

"த்ரீ பேஸ் கரண்டு இல்லையேம்மா. ஓடாதே."

"ஓடலன்னாலும் எங்க வீட்டுல கெடக்கட்டும். அவுக அதுக்குத்தான எடம் கட்டுனாக?"

நான் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. இன்று காலை வேம்பு கருகியதும் யோசனை முடிந்துவிட்டது. பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். மூன்று போல்ட் கழன்றது. நான்காவது துருப்பிடித்திருந்தது, மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன். கொட்டகைத் தரையில் நீ போட்ட சுண்ணாம்புக் கோடு மேசைக்கு அடியில் மட்டும் அழியாமல் இருந்தது.

இதை அந்த மேசைமேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மேசை எங்கள் வளவில் நிற்கிறது. சுமைக்காரர்கள் நாலு பேர் தூக்கி வந்து வைத்துவிட்டு பீடி பிடிக்கப் போயிருக்கிறார்கள். கைவண்டி முன்தெருவில் நிற்கிறது. உன் இரும்பு ஸ்கேல் என் சட்டைப் பையில் இருக்கிறது. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். "விடு வே"யை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேலால் முன்வாசலை அளந்துவிட்டேன். இரண்டு கதவையும் திறந்தால் மேசை உரசாமல் போகும். ஒற்றைக் கதவில் போகாது. எப்போதும் மூடிக் கிடக்கும் அந்த இரண்டாவது கதவில் சாய்த்து நாற்காலி போட்டு, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"முடுக்கு வழியாத்தான வந்துச்சு. அப்படியே போகட்டும்" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மிஷினுக்கு வாசல் தெரியாது என்றாய். சரி. உனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் தெரிந்திருந்தது.

சுமைக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு மூலையில் கை வைத்து, தூக்கலாமா என்று என்னைப் பார்க்கிறார்கள்.

"எந்திரிங்கப்பா" என்றேன், அப்பாவின் நாற்காலியைப் பார்த்து. "அந்தக் கதவையும் தொறங்க."

அப்பா பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்.