மகேசுவின் விரத நாட்கள்

யூலை 9, புதன்

கச்சான் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. காலையில் மகேசுவின் இரண்டு சேலைகளைத் தோய்த்துக் காயவிட்டேன். மூன்று மாதமாக அலுமாரிக்குள் சும்மா கிடக்கிறதே என்று. தோய்த்த பிறகுதான் புத்தி வந்தது. அதில் மிச்சமிருந்த அவள் வாசமும் சவர்க்காரத்தோடு போயிற்று. மடையன் நான்.

பின்னேரம் உப்புவெளி, முதியோர் இல்லம். பஸ்ஸில் நின்றபடி. பார்க்க விடுவது புதனும் ஞாயிறும், மூன்றிலிருந்து ஐந்து வரை. ம. கதிரையில் இருந்தாள். பவுடர், பொட்டு, இறுக்கிப் பின்னிய பின்னல். வாதம் அடித்து ஏழு மாதம். பேச்சு இல்லை. வலது கை, கால் இல்லை. எனக்கு ஹேர்னியா, தூக்க ஏலாது. மகள் சுமதிக்குப் பள்ளிக்கூட வேலை. அதனால்தான் மூன்று மாதமாக இல்லம். இதை எத்தனை தரம் எழுதினாலும் மனம் ஆறுவதில்லை.

கொண்டுபோன பாலப்பத்தைக் கொடுக்க விடவில்லை. “அம்மா இண்டைக்கு விரதம் ஐயா. கார்த்திகை எல்லோ” என்றார் மேட்ரன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெள்ளியும் மாதாமாதம் வரும் கார்த்திகை நாளும் தவறவிடாதவள். வெருகல் முருகனுக்கு வைத்த நேர்த்தி. சுமதி வயிற்றில் இருந்தபோதும் விடவில்லை. இந்த நிலையிலும் பிடிக்கிறாளே! அப்பத்தை மேட்ரனிடமே கொடுத்தேன். நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

வாங்க: விளக்குத் திரி, பிளேட், தேசிக்காய்.

யூலை 10, வியாழன்

போயா, பௌர்ணமி லீவு. சுமதி வீட்டில் நின்றாள். அம்மா இன்னும் விரதம் பிடிக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவளுக்கும் கண் கலங்கியது. குசினிக்குள் போனவள் கலண்டரோடு திரும்பி வந்தாள். கார்த்திகைக்கு இன்னும் பத்து நாள் கிடக்கிறதாம். மேட்ரன் நாள் மாறிச் சொல்லியிருப்பார் என்றேன்.

வெயில் தாழ உள்துறைமுகப் பக்கம் நடந்தேன். ஒரு கப்பலை இழுவைப் படகு கொண்டுபோனது. முப்பத்தொரு வருடம் எனக்கு அந்த எஞ்சின் அறைதான். மணிக்கு ஒருதரம் மானிகளைப் பார்த்துப் பதிய வேண்டும். ஊசி ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் எஞ்சின் நல்லாயிருக்கிறது என்று அர்த்தமில்லை, மானி பழுது. புதுப் பெடியன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி ஏசியிருக்கிறேன். ம.வை எந்த நாள் போய்ப் பார்த்தாலும் அதே பவுடர், அதே பின்னல், அதே கதிரை.

இன்னொன்று. பேச ஏலாதவள், எழுத ஏலாதவள், விரதம் என்று யாரிடம் சொன்னாள்? இதை நேற்றே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

‘இஞ்சேருங்கோ’ என்று ஒரு குரல் என்னைக் கூப்பிட்டு ஏழு மாதம். அந்தக் குரலுக்கு எரிந்து விழுந்திருக்கிறேன், சனியனே, பேப்பர் பார்க்க விடு என்று. இப்போது பேப்பர் மட்டும்தான் இருக்கிறது.

யூலை 11, வெள்ளி

பார்க்கும் நாள் இல்லை. போனேன். மருந்துத் துண்டு கொடுக்க வேண்டும் என்று காவலாளியிடம் பொய். மேட்ரன் இல்லை. நேரே உள்ளே.

கண்டதை இப்போதே எழுதிவைக்கிறேன். நாளைக்கு என் மனமே சமாதானம் சொல்லிவிடும்.

— கட்டிலில் கிடந்தாள். தலை சடை பிடித்து.
— உதடு வெடித்திருந்தது. நாக்கு காய்ந்து வெள்ளை.
— இடது மணிக்கட்டில் துணி இறுக்கிய தடம். அவளுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே கை.
— இடுப்பில் படுக்கைப் புண். மணம்.
— தண்ணீர்ப் போத்தல் எட்டாத பக்கம். மூடி திறக்காதது.
— என்னைக் கண்டதும் முதலில் வாசலைப் பார்த்தாள். பிறகுதான் என்னை.

கோப்பை தேடிப் பின்பக்கம் போன இடத்தில் ஜெசீமா. கிண்ணியாப் பிள்ளை, அங்கே பராமரிப்பு வேலை. சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

“படுக்கை நனையுமெண்டு தண்ணி குடுக்கிறல்ல ஐயா. சாப்பாடும் ஒரு நேரந்தான். கேட்டா, அம்மா விரதமெண்டு படிவத்தில எழுதிக் கிடக்காம். நாங்களும் நோன்பு பிடிக்கிற ஆக்கள்தானே. வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்ல. என்ட பேரச் சொல்லிராதீங்க.”

படிவம். அதை நிரப்பியது நான். சமய வழக்கங்கள் என்ற இடத்தில், ‘வெள்ளி, கார்த்திகை விரதம். தவறாமல்.’ கடைசிச் சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டேன். அவளை வெறும் நோயாளியாகப் பார்க்கக்கூடாது, யார் என்று தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். அதையே சாட்டாக வைத்து எல்லா நாளையும் விரதமாக்கிவிட்டார்கள். என் கையெழுத்து அவளைப் பட்டினி போட்டது.

சுமதிக்குப் போன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்தாள். விட ஏலாது, மேட்ரன் வர வேண்டும் என்றார்கள். சுமதி சத்தம் போடவில்லை. ஓட்டோவைக் கட்டிட வாசல்வரை கொண்டுவரச் சொன்னாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன், ஹேர்னியாவாவது மண்ணாவது. பாரமே இல்லை. அதுதான் என்னை அழவைத்தது.

ஆஸ்பத்திரியில் சேலைன். உடம்பில் தண்ணீர் வற்றிச் சிறுநீரகமும் பாதித்திருக்கிறது என்றார் டொக்டர். பிழைப்பாளா என்று கேட்டேன். இரண்டு நாள் போகட்டும் என்றார். வேலியே பயிரை மேய்ந்த கதை என்றாள் சுமதி. வேலியை அடைத்தவன் நான்தானே.

யூலை 14, திங்கள்

காற்று அடங்கவில்லை. ம.வுக்கு நேற்றிலிருந்து சிறுநீர் ஒழுங்காகப் போகிறது. இனிப் பயமில்லையாம். ஒவ்வொரு கரண்டித் தண்ணீருக்கும் முன்னால் வாசலைப் பார்க்கிறாள். யாரும் வரவில்லை என்றால்தான் விழுங்குகிறாள்.

பத்து மணிக்குப் பிரதேச செயலகம். முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தர் ஒரு இளம் பெண். பொறுமையாகக் கேட்டார். என் பட்டியலைப் பிரதி எடுத்தார். யார் சொன்னது என்று கேட்டார். “நானே கண்டனான்” என்றேன். அதற்கு மேல் ஜெசீமாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

விரதம் என்று எழுதியது யார் என்றும் கேட்டார். நான் என்றேன். பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். “எழுதுங்கோ பிள்ளை. அதையும் எழுதினாத்தான் மிச்சத்தை ஆரும் நம்புவினம்.”

இல்லத்தில் ம. கிடந்த அறையில் இன்னும் ஆறு கட்டில். புதனும் ஞாயிறும் ஒருவரும் வராத கட்டில் மூன்று. சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கோ, எந்த நாள் என்று எனக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். தலையாட்டினார். செய்வார் போலத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் திரும்பப் போவேன்.

யூலை 17, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டாள்! அன்புவழிபுரம் வந்து சேர மத்தியானம் ஒரு மணி. முன் அறையில் கட்டில். சுமதிக்குப் பதினைந்து நாள் லீவு. அதற்குப் பிறகு எப்படி என்று தெரியாது. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நேரம் எழுதச் சுவரில் கடதாசி ஒட்டினேன்.

அவள் மூச்சு விடுவது நான் இருக்கிற இடத்துக்குக் கேட்கிறது. எவ்வளவு ஆசைப்பட்டேன் இதற்கு.

யூலை 18, வெள்ளி

காலை ஆறரை. கஞ்சி ஆற்றிக் கொண்டுபோனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை என்று எப்படித் தெரிந்ததோ, சுமதி விளக்கு வைத்ததைக் கண்டிருப்பாள்.

“மகேசு, இண்டைக்கு விரதமில்லை. நான் பிழையா எழுதிப்போட்டன். குடியும்.”

கனநேரம் பார்த்தாள். பிறகு குடித்தாள். முழுக் கோப்பையும். தண்ணீரும் கேட்டாள், கண்ணால்.

ஒரு மணித்தியாலத்தில் கட்டில் நனைந்தது. சுமதி புது விரிப்பு எடுக்க உள்ளே போனாள். ம. என்னைப் பார்த்து அழத் தொடங்கினாள். இடது கையைத் தூக்கிக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்தாள். மணிக்கட்டை மேலே திருப்பி, அசையாமல் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டுவதற்காக.