மேனேஜர் திறந்துவிட்ட டிஸ்க்

பெங்களூர், 12.8.88

அன்புள்ள அம்மாவுக்கு ஜெபராணி எழுதுறது. உங்க மூட்டுவலி குறைஞ்சதா? நான் சுகம்.

இங்கன ஆபீஸ் கம்ப்யூட்டர்ல புது டிஸ்க் மாட்டினோம். ஃபைல் பூரா மேனேஜர் பேருலயே விழுந்ததால, மத்தவுக யாராலயும் அதுல எழுத முடியலை. "சும்மா திறந்துவிட்டா யாராச்சும் அழிச்சிருவாக. அவுகவுக ஃபைலை அவுகவுக பேருக்கு மாத்துறேன், ஒரு மணி நேரம் குடுங்க"ன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன்.

"பொம்பளைக்கு எதுக்கெடுத்தாலும் பயம்"னு சிரிச்சுட்டு, யாரும் எதையும் அழிக்கலாம்னு திறந்துவிட்டான். அந்த ஆளைச் 'சிரிச்சாக'ன்னு எழுதக் கை வரலைம்மா. மத்தியானத்துக்குள்ள அவனோட மூணு மாச அறிக்கையையே யாரோ தெரியாம அழிச்சிட்டாக. "அந்த அறிக்கைக்குக் காப்பி இருக்கா?"ன்னு வந்து நின்னான். முந்தின நாளே எல்லா ஃபைலையும் டேப்புல நகல் எடுத்து வச்சிருந்தேன். எல்லாரோட ஃபைலையும் அவுகவுக பேருக்கு மாத்தி முடிச்சு, கடைசியாத்தான் அவன் அறிக்கையைக் குடுத்தேன்.

பூண்டு ஊறுகாய் அனுப்புங்க. சின்ன பாட்டில் போதும், ஒருத்திதான திங்கிறேன். தபால் எடுக்குற நேரமாச்சு.

உங்க ஜெபராணி