கட்டுரையின் கடைசிப் பக்கம்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து மழை. குடைக் கம்பி முறிந்தது. பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும்.
நூலகர் ஷோபா மேடம் கொடுத்த நாற்பது ஆய்வுக் கட்டுரைகள் முடிந்தன. ஒவ்வொன்றும் எந்தத் துறை என்று அட்டையில் எழுதியாயிற்று. இனி இரண்டு தரவுத்தளங்கள் போட்டிருக்கும் துறையோடு ஒப்பிட வேண்டும். ஒன்றுக்குச் சந்தா உண்டு, மற்றது எல்லோருக்கும் திறந்தது. சந்தாவைத் தொடர்வதா என்று கமிட்டி பார்க்கப் போகிறது.
சந்தாத் தளத்தில் இதழைப் பார்த்துத் துறை போடுகிறார்கள். வேளாண்மை இதழில் வந்தால் எல்லாம் வேளாண்மை. திறந்ததில் இயந்திரம் தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துப் போடுகிறது. நான் கடைசிப் பக்கத்து நூற்பட்டியலைப் பார்க்கிறேன். எந்த நூல்களை வைத்து எழுதினான்? அதுதான் துறை. முப்பது வருஷம் இதே நூலகத்தில் அட்டெண்டர். மேசையில் விட்டுப்போன புத்தகங்களை அள்ளி அடுக்கியவன். எதோடு எது கிடக்கும் என்று தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை.
கமலா: "ஏன்னா, சாதம் அட்டைக்குப் போடட்டுமா, உங்களுக்கா?"

ஜூன் 10, செவ்வாய்
புழுக்கம். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.
மேடம் போன், வழக்கமான மலையாளத் தமிழில். இதே கட்டுரைகளுக்குத் தனியாக அட்டை எழுதியவர் எங்கள் பழைய நூலகர் நாராயணன் சார். (இனி நா.சா.)
"சாமி, ரெண்டு பேரும் ஒத்துப் போகணும் கேட்டோ. இல்லேன்னா சாரோட அட்டைதான் கமிட்டிக்குப் போகும். அவருக்கு டிகிரி உண்டல்லோ."
அந்த மனுஷன்! வேலையில் இருந்தபோது ஒரு புத்தகத்தில் பென்சிலால் வகை எண் எழுதினேன். எல்லோர் முன்னாலும் ரப்பரால் அழித்தார். "சாமி வண்டி தள்ளினா போதும் கேட்டோ." மூன்று மாதம் கழித்து அதே எண்ணை மையில் எழுதினார். மறக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்
நா.சா.வோடு உட்கார்ந்தேன். முப்பத்தெட்டில் ஒத்துப்போனது. இரண்டில் இல்லை.
கோயில் குளத்து மீன்கள். சந்தா: சமயம். திறந்தது: கட்டடக்கலை. அவர்: சுற்றுச்சூழல். நான்: விலங்கியல்.
போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீடுகளின் ஈரமும் பெண்களின் இருமலும். சந்தா: வேளாண்மை. திறந்தது: தாவர நோய்! தேயிலை, ஈரம், நோய் மூன்றையும் கண்டதும் இலைக்கு வியாதி என்று நினைத்துவிட்டது. அவர்: சமூகவியல். நான்: மருத்துவம்.
"லயம்னாலே தொழிலாளி பிரச்சினையல்லே? விட்டுக்கொடுக்கணும் சாமி."
"கடைசிப் பக்கம் பாருங்கோ சார்."
"எனக்கு அதொண்ணும் பார்க்க வேண்டாம்."
எழுந்து வந்துவிட்டேன். நாளை பத்து மணிக்கு மேடம் அனுப்பிவிடுவார். தலையாட்டியிருந்தால் என் அட்டைகளும் போயிருக்கும். ஆட்டவில்லை.

ஜூன் 13, வெள்ளி
தோசை மூன்று. பி.பி. மாத்திரை மறந்தேன். குடை இன்னும் கடையில். நனைந்துகொண்டே போனேன்.
லயக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து நா.சா. முன்னால் வைத்தேன். நுரையீரல், காசநோய், மூச்சிரைப்பு, மறுபடி நுரையீரல். வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.
"ரப்பர் உண்டோ சாமி?"
என் சட்டைப் பையில் இருந்தது. கொடுத்தேன். தன் அட்டையில் தானே அழித்தார். துகளை ஊதினார். பென்சிலால் 'மருத்துவம்'.
"மையில் எழுதலாமே சார்."
பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு குனிந்தபடியே சிரித்தார். "மறக்கல்ல, இல்லே?"
"இல்லை."
"அப்போ மீன்? அதோட கடைசிப் பக்கம்?"
அந்த ஒன்றுக்கு மட்டும் நான் பார்க்கவில்லை. ஸ்ரீவராகம் கோயில் குளத்தில் தினம் பார்க்கிற மீன்தானே என்று இருந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தோம். முழுக்க நீர் மாசு; அவர் போட்ட சுற்றுச்சூழல்தான். ரப்பரைத் திருப்பி வாங்கி நானே அழித்தேன். தப்பு என்னுடையது. என் முறையில் தப்பில்லை.
மேடம் அறிக்கையில் பெயர் அடித்தார். நா.சா. பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள், ஒரு வரி நீளம். அடுத்து என் பெயர்.
"சாமிக்குப் பின்னால என்ன போடணும்?"
"முற்றுப்புள்ளி போடுங்கோ."